வழியனுப்ப வந்தவர் விழுப்புரம் போனது

எங்கள் குடும்பத்தில் யார் ரயில் ஏறினாலும் வழியனுப்புவது அப்பாதான். பாலக்கரையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார் என்றாலும், அவருடைய உண்மையான தொழில் வழியனுப்புவதுதான் என்பாள் அம்மா. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற சித்தி, பெரியப்பா, ஒன்றுவிட்ட மாமா என்று யாராக இருந்தாலும் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் வரை போவார். போனால் பிளாட்பாரத்தோடு நிற்கவும் மாட்டார்.

வண்டிக்கு வண்டி அவர் வேலை மாறும். பாசஞ்சர் என்றால், வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். இப்போது பல பாசஞ்சர்கள் மெமு என்கிற மின்சார வண்டியாகிவிட்டன. துண்டு மட்டும் ஓய்வு பெறவில்லை. எக்ஸ்பிரஸ் என்றால் உள்ளே போய் பெர்த்தைத் தட்டிப் பார்ப்பார், பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுவார். எதிர் சீட்டுக்காரரின் ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று எழுபது வயதுப் பெரியப்பாவை அவரிடம் ஒப்படைப்பார். ஸ்ரீரங்கத்தில் நிற்காத வண்டி எதையும் அவர் மதிப்பதில்லை.

எந்த வண்டியானாலும் விசில் அடித்து நகர்ந்த பிறகுதான் இறங்குவார். இறங்கிய பிறகுதான் சொல்லவேண்டிய விஷயமே அவருக்கு ஞாபகம் வரும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிற வரை கூடவே நடந்து சொல்லி முடிப்பார்.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது "சரி" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "குடைய எடுத்து வச்சாளான்னு கேளு" என்பார் அம்மாவிடம். எனக்கும் ரோஷம் உண்டு. "வச்சாச்சுன்னு சொல்லு" என்று நானும் அம்மாவிடமே சொல்வேன். "நான் என்ன ஸ்டேஷன் மைக்கா?" என்று ஒருநாள் அவள் கரண்டியோடு வெளியே வந்து கத்தினாள். நான் முறுக்கிக்கொண்டு திரிந்தேனே தவிர, உள்ளுக்குள் பயமாக இருந்தது. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் நான் ஊரை விட்டுப் போவதை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை. வண்டி நகரும்போது எப்படியும் வாயைத் திறந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் டிக்கெட் எடுத்திருந்ததோ வந்தே பாரத்தில். ஜங்ஷனில் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலில் கம்பி இல்லை. திறக்கவே முடியாத கண்ணாடி. வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்காது.

அப்பாவுக்கு எதுவும் உறைத்ததாகத் தெரியவில்லை. அம்மாவைப் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, சங்கிலி போட இடம் தேடினார். சீட்டை அழுத்திப் பார்த்தார். அதைச் சாய்க்கும் பொத்தானைக் கண்டுபிடித்து, இரண்டு தடவை சாய்த்து நிமிர்த்தினார். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், வழியனுப்ப வந்தவர்கள் இறங்கிவிடும்படி சொன்னது. அந்தக் குரலை அவர் சட்டை செய்யவில்லை. விசில் இன்னும் அடிக்கவில்லையே! கதவு சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே அம்மா மெதுவாகப் பின்னால் போனாள்.

அப்பா கதவுக்கு ஓடினார். "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க!" என்று கதவிடமே மரியாதையாகச் சொன்னார்.

டிக்கெட் பரிசோதகர் நல்ல மனிதர். "இப்படி அடிக்கடி யாராவது மாட்டிக்கிறாங்க சார். இனிமே விழுப்புரத்துலதாங்க நிக்கும்" என்றார். அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த என் பக்கத்து சீட்டிலேயே அவரை உட்காரச் சொன்னார்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வந்தது, வந்த வேகத்திலேயே போனது. சொந்த ஊர் தன்னைக் கண்டுகொள்ளாமல் போவதை அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் அம்மாவிடமிருந்து போன். சிரிப்பை அடக்கமுடியாமல், "உங்கப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவாரான்னு கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. போனை அவரிடமே நீட்டினேன்.

"ஏதாவது பாசஞ்சரப் புடிச்சு வந்துடறேன்" என்றார், இதெல்லாம் முன்பே போட்ட திட்டம் போல.

லால்குடி போனது, அரியலூரும் போனது. அப்பா முன்சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டிபன் தட்டு வந்தது. அதை இருவருக்கும் நடுவில் வைத்தேன். ஒரு இட்லியை எடுத்துக்கொண்டார். பேச்சுதான் வரவில்லை. இதற்குமேல் ரோஷம் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"என் மேல அவ்வளவு கோவமாப்பா?"

"கோவம் என்ன கோவம்."

"பின்ன ஏன்ப்பா மூணு வாரமா ஒரு வார்த்தை பேசல?"

கையில் இருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தார். "பேச வாயத் தொறந்தா போகாதேன்னுதான் வருது. நான் சொன்னா நீ நின்னுடுவ. அதான் பேசல."

நின்றிருப்பேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விழுப்புரம் வரும்வரை விடவில்லை.