கைமாறிய சுக்கான்

"நாடுன்றது கப்பல் மாதிரியாம். கடல் தெரிஞ்சவன் கையிலதான் சுக்கான் இருக்கணும்னு ஒரு கிரேக்க ஞானி சொல்றாரு," என்று பாடம் படித்த மகள் சலித்துக்கொண்டாள். "புடிச்சுகினு இருக்கறவன் எவன்மா குடுப்பான்?"

சுக்கான் என்றதும் எனக்கு டீசலும் ஈரவலையும் மணத்தன. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு புயல் நாளில் எங்கள் விசைப்படகு காசிமேட்டுக்குத் தப்பி வந்தது. சுக்கானில் நைனா இல்லை; வலை இழுக்கும் அந்தோணி மாமா நின்றார். சண்டை போட்டு, இருவரும் பேசியே ஒரு வருஷமாகியிருந்தது. எனக்கு அவமானமாகிவிட்டது.

"நம்ம போட்டை நீ ஏன் நைனா ஓட்டல?"

நைனா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "போட்டு என்னுது. கடலு என்னுதா? இந்தக் காத்து அவனுக்குத்தான் தெரியும். உள்ள எத்தினி உசுரு கீது! நானே போய்க் கேட்டேன்."

மகள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தாத்தா குடுத்தாருடி," என்றேன்.