ஊதாமல் போன எட்டு

எங்கள் பட்டறையில் உலைக்குள் எரிவதைப் பார்க்க வைக்கும் சின்ன ஜன்னல்களுக்குச் செயற்கை நீலக்கல் வில்லைகளைப் பொறுக்குகிறவள் ஊதக்கா. நீலக்கல் என்று பேர்தான், நிறமே கிடையாது. பக்கத்தில் கண்ணாடியை வைத்தால் எது எதுவென்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின்மேலும் வாயால் ஊதுவாள். நீலக்கல்லில் படிந்த ஆவி நொடியில் மறையும், கண்ணாடியில் தங்கும். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை, பட்டப்பெயரும் அதனால்தான்.

நேற்று மேனேஜர் தலைமேல் நின்று அவசரப்படுத்த, எட்டு வில்லைகளை ஊதாமலே பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டாள். இன்று காலை, மெஷினைச் சரிபார்க்க வைத்திருக்கும் அதே அளவுக் கண்ணாடித் துண்டை எடுத்தவள், பழக்க தோஷத்தில் ஊதினாள். ஆவி உடனே மறைந்தது.

கையில் இருப்பது நீலக்கல். அப்படியானால் பெட்டியில் போன எட்டில் ஒன்று கண்ணாடி. உலைச் சூட்டில் அது வெடிக்கும்.

அந்தப் பெட்டி போன உலையில் வேலை பார்ப்பவன் அவள் தம்பி. போன் போட்டாள்.

"உலையைப் பத்த வச்சாச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குக்கா."

"வைக்காதே. புது ஜன்னல் ஒவ்வொண்ணையும் ஊதிப் பாரு. ஆவி போகுதான்னு சொல்லு."

மேனேஜர் கையைப் பிசைந்தார். "ஆர்டரே போயிடும்மா."

"போகட்டும் சார்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி எண்ணிக்கொண்டே வந்தான். ஐந்துவரை ஆவி மறைந்தது. ஆறில் எண்ணுவதை நிறுத்தினான்.

"என்னடா?"

"போகலக்கா."

"அது எந்த ஜன்னல்?"

"நான் கண்ண வச்சுப் பாக்குறது."