வேப்பிலைக்கு நான் சொன்ன சாட்சி

யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு கோடையில், திருச்சுழிப் பக்கத்து எங்கள் ஊருக்குள் பெரியம்மை நுழைந்தது. ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டார்கள். எல்லையில் உடைமுள்ளை வெட்டி அடைத்தார்கள். ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். அடுத்த வீட்டுக்காரிக்கு மட்டும் அது எமனாக வந்தது.

அவள் புருஷன் தொட்டதற்கெல்லாம் அடிப்பான். அடி விழுந்தால் அவள் எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அவன் படியேறத் தயங்குவான். கட்டுப்பாடு வந்த மூன்றாம் நாள் மத்தியானம், உதடு கிழிந்து வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, கதவைத் தெறங்கக்கா."

நான் திறக்கவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. மடியில் கிடந்த பிள்ளைக்கு வரவில்லை. "ஊர்க்கட்டு தாயி, போயிரு" என்றேன். அவன் வந்து இழுத்துப் போனான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தேன், வெட்கங்கெட்டவள்.

மறுநாள் காலையில் அவள் வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியது. ஆத்தா வந்திருக்கும் வீட்டில், தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை புருஷன் நுழையக்கூடாது. அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பருத்திக்காட்டுக் குடிசைக்குப் போய்விட்டான். அம்மை கண்டு தேறியவள் என்று கஞ்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள். பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு உள்ளே போனால், அவள் அடுப்பூதிக்கொண்டிருக்கிறாள். உடம்பில் ஒரு முத்துகூட இல்லை; அடிபட்ட தடம்தான் இருந்தது.

"பாலவனத்தத்துல எங்கண்ணன் இருக்காக. முள்ளை எடுக்கிறவரைக்கும் சொல்லிராதீகக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் தெருவில் அவன் நிற்கிறான்.

"மதினி, நெசமாவே முத்துப் போட்டிருக்கா? நீங்க வேதக்காரவுக, பொய் சொல்ல மாட்டீக."

அந்த வேப்பிலையை நான் எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன்!

"ஆமாப்பா, உடம்பு பூராவும் போட்டிருக்கு. ஆத்தா உக்கிரமா இருக்கா. கிட்ட வந்துராத" என்றேன். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

அவளுக்கு முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று ஊர் முள்ளை எடுத்த அன்றே பாலவனத்தத்துக்கு ஆள் அனுப்பினேன். மூன்றாம் தண்ணீருக்கு முன்பே அண்ணன் வண்டி கட்டி வந்து அவளைக் கூட்டிப் போனார்.

அதன்பின் இரண்டு மாதம் எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்து எடுக்க நான் எழுந்து போகவில்லை. பாதிரியார் காரணம் கேட்டார்.

"ஒரு பொய் சொல்லிட்டேங்கய்யா."

"மனசார வருத்தப்பட்டா மன்னிப்பு உண்டேம்மா."

"அதுக்கு வருத்தமே வர மாட்டேங்குதுங்கய்யா. கதவைத் தெறக்காம இருந்தேன் பாருங்க, அதுக்குத்தான் வருது."