பயிற்றுவிப்பாளர் பார்க்காத போட்டி

கற்பிட்டியில் நான் கணிதம் படிப்பித்த கல்லூரியில் பேஸ்போல் பயிற்றுவிப்பாளர் ஒருவர் இருந்தார். நெட்டையானவர், வெயிலில் காதுமடல்கள்கூடக் கருத்துப் போயிருந்தன. மாணவர்கள் ஆடும்போது கோட்டோரமாகத் தானும் கூடவே ஓடுவார்.

அவருடைய அணி முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தது. அதற்கு முதல்நாள், பந்தெறியும் பையனின் தகப்பன் மைதானத்துக்கு வந்தார்.

"சேர், என்ட படகில வேலை செய்யிற ஆளுக்குக் காய்ச்சல். நாளைக்கு மகன் வராட்டி வலை இழுக்க ஏலாது."

"அவன் விளையாடட்டும். நான் வாறேன்."

"சேருக்குக் கடல் பழக்கமா?"

"இல்ல. ஆனா கையில பலம் இருக்குதானே."

மறுநாள் அவர் படகேறினார், அணியை நான் கூட்டிப்போனேன். ஒரே ஒரு ஓட்டத்தால் தோற்றோம்.

பின்னேரம் கரையில் அவரைக் கண்டேன். வாந்தியெடுத்து முகம் வெளிறியிருந்தது, உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. தோல்வியைச் சொன்னேன்.

"சரி டீச்சர். பிள்ளை எப்படி எறிஞ்சான்? முதல் பந்திலிருந்து சொல்லுங்க."

இருட்டும்வரை சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதும் எந்த விளையாட்டைப் பார்த்தாலும், அவருக்குச் சொல்வதற்காகவே ஒவ்வொரு பந்தையும் கவனிக்கிறேன்.