சந்தனம் வைத்த கேமரா

சௌந்திரத்தின் வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்துதான் வேலைக்கு வரும். மிக்ஸி அப்படித்தான் வந்தது. தண்ணி மோட்டாரும் அப்படித்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, நெற்றி மாதிரி ஒரு இடம் பார்த்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, “முருகா, இது நல்லபடியா உழைக்கோணும்” என்று கும்பிட்ட பிறகே சுவிட்சைப் போடுவாள். அவள் மட்டும் என்றில்லை. பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் ஓடுகிற எந்த லாரியின் முகத்திலும் பொட்டு இருக்கும். பொட்டு வைத்து ஒரு இரும்பு கெட்டதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவள் வீட்டுக்காரர் பாலசுந்தரம் வேலூர் மண்டியில் வாழைத்தார் ஏலம் கூறுகிறவர். மைக் கிடையாது, கைத்தடி கிடையாது. தார்க் குவியலுக்கு நடுவில் நின்று “பூவன் தாரு, ஒரு தரம்!” என்று அவர் எடுத்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றுகிறவர் கை ஒரு நொடி நிற்கும். வீட்டிலும் அதே சத்தம்தான். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள், “உங்க ஊட்டுக்காரரு உப்புக் கேட்டா நாங்க எடுத்து வெச்சர்றமுங்க” என்று கேலி செய்வாள். சாயங்காலம் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு முருகன் மேல் நாலு வரி பாடுவார். அப்போது மட்டும் அந்தக் குரல் தணிந்து வரும். சௌந்திரம் அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

போன வருசம் அந்தக் குரல் கம்மியது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும் என்று திப்பிலி, தேன், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். கரகரப்பு போகவில்லை. விழுங்கும்போது வலி வந்தது. எச்சிலில் ரத்தம் வந்த பிறகுதான் சேலத்துக்குப் போனார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“புத்துநோய்தான். உசுரைக் காப்பாத்திரலாம். ஆனா குரல்வளையை முழுசா எடுத்தாகணும். அப்புறம் பேச்சு வராது.”

பாலசுந்தரம் சௌந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். “சரிங்க டாக்டர். அப்ப ஏலம் முடிஞ்சுது” என்று சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே ஆள் இல்லை.

மகள் சத்யபிரியா சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்கிற ஊரில் வாக்கப்பட்டவள். அப்போது அவளுக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். பாலசுந்தரம் வீட்டு வழக்கப்படி, பேர் வைக்கிற அன்று பிள்ளையைத் தாத்தன் மடியில் போடுவார்கள். தாத்தன் குனிந்து காதில் மூன்று தரம் பேரைச் சொல்ல வேண்டும். பிள்ளை தன் பேரை முதலில் கேட்பது அந்தக் குரலில்தான். மகளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே பாலசுந்தரம் இதற்குக் காத்திருந்தார். பையன் என்றால் சிவபிரகாஷ், பெண் என்றால் கோகிலவாணி என்று முடிவு செய்து மண்டி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். ஆபரேசனைப் பிரசவம் வரைக்கும் தள்ளிப் போட முடியுமா என்று சௌந்திரம் கைகூப்பிக் கேட்டாள். முடியாது என்றார் டாக்டர்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சொன்னாள்: “ஏனுங்க, உங்க குரலைப் புடிச்சு வெச்சுக்கலாமுங்க. படத்தோட. புள்ளை காதுல அதைப் போட்டுக் காட்டலாம்.”

“செல்லுலயே எடுத்தரலாம் புள்ள.”

“செல்லு ஆகாதுங்க. மக கல்யாணத்துல எடுத்ததெல்லாம் செல்லோட தண்ணித் தொட்டியில போச்சு. நாம பேசிட்டிருக்கையில எவனாச்சும் நடுவால கூப்புடுவான். இதுக்குன்னே இருக்கற கேமராவா வாங்கோணும்.”

சேலத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்காரர் மணிமாறனுக்கு நாற்பது வயது இருக்கும், பொறுமையான ஆள்.

“கேம்கார்டருங்களா? இப்ப யாருங்கம்மா இதைக் கேக்கறாங்க” என்று சொல்லிக்கொண்டே மேல் தட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினார். முதல் பெட்டியில் ஜூம் இத்தனை மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பாலசுந்தரம் கண் அதில் போய் ஒட்டிக்கொண்டது.

“அந்த நம்பரைப் பார்த்து ஏமாந்துராதீங்க” என்றார் மணிமாறன். “லென்சு நெசமாலுமே கிட்டப் போறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் படத்தை இழுத்துப் பெருசு பண்றது. பலூன்ல எழுதி ஊதுனா எழுத்து என்ன ஆகும்? அந்த மாதிரி.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், அதனால் ஆளை ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்க வேண்டும். கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடிக்கிற வசதி இரண்டிலும் உண்டு. பேட்டரி, அட்டைப் பெட்டி மேல் போட்டிருக்கிற நேரம் வரைக்கும் நிற்காது, பாதி என்று வைத்துக்கொள்ளலாம். மெமரி கார்டு மட்டமானதாக வாங்கக் கூடாது. சௌந்திரம் சாமியார் பேச்சைக் கேட்கிற மாதிரி கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒன்றைக் கேட்டாள்.

“குரலு நல்லா விழுகுங்களா?”

மணிமாறன் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பெட்டியைத் திறந்தார். “குரல்தான் முக்கியம்னா இதை எடுங்கம்மா. இதுல தனியா மைக் சொருகிக்கலாம். இந்தத் தொளையில இயர்போன் மாட்டுனா, என்ன பதியுதோ அது அப்பப்பவே உங்க காதுல கேக்கும். தப்பிருந்தா அங்கயே தெரிஞ்சிரும். ஜூம்தான் இதுல கம்மி.”

“இதே இருக்கட்டுங்க” என்று வாயெடுத்தாள். அதற்குள் பாலசுந்தரம் முதல் கேமராவைக் கண்ணில் வைத்துக் கடை வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

“அடேயப்பா! அந்த பஸ் டிரைவர் மூக்குல முடி தெரியுது, வந்து பாரு புள்ள.”

“நாலடியில உக்காந்து பேசறதுக்கு ஜூம் எதுக்குங்க?”

“பேச்சுத்தானே போகுது? கண்ணு இருக்குதல்ல. மொட்ட மாடியில உக்காந்துட்டு மண்டியவே பார்ப்பேன். எந்தப் பய ஏலம் கூறறான், எப்படிக் கூறறான்னு.”

அவள் இரண்டாவது பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினாள். அவருக்கு இனி வாய்க்கப் போகிற சந்தோசம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். மணிமாறன் அதிலேயே ஒரு தரம் பேசிக் காட்டச் சொன்னார். “பூவன் தாரு, ஒரு தரம்” என்றார் பாலசுந்தரம். போட்டுக் காட்டினால் கரகரப்பு உட்பட அப்படியே வந்தது.

“பார்த்தியா? இதுக்குள்ளயே மைக்கு இருக்குது. போதும்.”

“போதுமுங்க” என்றார் மணிமாறன். “ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்துப் போட்டுக் கேட்டுக்கோங்க.”

“அதான் இப்பக் கேட்டமல்ல” என்றார் பாலசுந்தரம்.

வெள்ளிக்கிழமை காலை கேமராவைச் சாமி முன்னால் வைத்தாள். மற்ற நாளைவிட அன்றைக்குச் சந்தனத்தைக் கூடுதலாகக் குழைத்தாள், கூடுதலாக வேண்டிக்கொண்டாள். கேமரா எங்கும் வழவழவென்று இருந்தது. வைத்த சந்தனம் வழுக்கியது. கண்ணாடிக்குக் கீழே பொடிப் பொடித் தொளையாக, சல்லடை மாதிரி ஒரு சின்ன இடம் சொரசொரப்பாக இருந்தது. அங்கே நன்றாகப் பிடித்தது. கட்டை விரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். “முருகா, அவரு குரலு இதுக்குள்ள இருக்கோணும்” என்றாள்.

பிறகு மணிமாறன் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். அவரை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்தாள். பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தாள். சத்தம் விழக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினாள், குக்கரை இறக்கினாள், முத்தாயம்மாளிடம் போய் “கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீங்க அக்கா” என்று சொல்லிவிட்டு வந்தாள். பின்பக்கம் கத்திய காக்காயைக்கூட விரட்டினாள்.

பாலசுந்தரம் வெள்ளை வேட்டி கட்டித் திருநீறு பூசி உட்கார்ந்தார். சிவப்புப் புள்ளி எரிந்தது. முதலில் முருகன் பாட்டு. பிறகு பையன் பேர், பெண் பேர் இரண்டையும் மும்மூன்று தரம் சொன்னார். சொல்லும்போதே அவருக்குக் குறும்பு வந்துவிட்டது.

“கோகிலவாணி ஒரு தரம்! கோகிலவாணி ரெண்டு தரம்! கோகிலவாணி மூணு தரம்! எடுத்துக்கோ சாமி, உம் பேரு உனக்கே.”

கேமராவுக்குப் பின்னால் நின்ற சௌந்திரம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்போ அழுகையோ எதுவும் பதிந்துவிடக் கூடாதே என்று.

முடிந்ததும் கேமராவின் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். படம் அவ்வளவு தெளிவு. குரல்தான் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

“இத்துணூண்டு பெட்டியில வேறெப்படிக் கேக்கும்? டிவியில போட்டாத் தெரியும்” என்றார் அவர். இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமா என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவர் வெந்நீரைக் குடிக்க முடியாமல் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் கேட்காமல் விட்டாள். கேமராவைப் பொட்டோடு துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள்.

ஆபரேசன் நடந்தது. உசுரோடு வந்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் ஒரு துணி. இனி மூச்சும் இருமலும் அந்த வழிதான். அவர் கூப்பிட வேண்டுமென்றால் தம்ளரைத் தட்டினார். சத்யபிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

பேர் வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், சத்யபிரியா வயரை மாட்டி டிவியில் போட்டாள். மூன்று பேரும் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். திரையில் பாலசுந்தரம் வந்தார். மீசையில் நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வாய் அசைந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சத்தத்தைக் கூட்டினால் முனகலும் இரைச்சலும் சேர்ந்து கூடின. குழந்தை மிரண்டு அழுதது.

“வயரு சரியில்லைன்னு நினைக்கறனுங்கம்மா” என்றாள் சத்யபிரியா.

பாலசுந்தரம் தன் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் விரலை நீட்டி ஒரு தரம், இரண்டு தரம் என்று சிரிக்கிற இடம் வந்தபோது எழுந்து போய் டிவியை அணைத்தார்.

சௌந்திரம் அப்போதே கேமராவை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். மணிமாறன் துணியைப் பிரித்தார். கேமராவை முன்பக்கம் திருப்பினார். கண்ணாடிக்குக் கீழே இருந்த பொட்டின் மேல் விரலை வைத்தார்.

“அம்மா… இதுதானுங்க மைக்கு.”

ஒரு ஊசியால் கிளறினார். காய்ந்த சந்தனம் செதில் செதிலாக மேசையில் விழுந்தது, குங்குமத்தோடு. துடைத்துவிட்டு “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பேசிப் போட்டார். மணி மாதிரிக் கேட்டது. பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி என்னென்னவோ செய்து பார்த்தார். அதே முனகல்தான்.

“பதிஞ்சிருந்தா எப்படியாச்சும் எடுத்திரலாமுங்க. பதியாததை எப்படிம்மா எடுக்கறது?”

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மடியில் கேமரா இருந்தது. கேட்டால் கொடுக்கிற சாமி என்று ஐம்பது வயது வரைக்கும் நம்பினவள். இன்றைக்கும் சாமியைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டத் தெரிந்திருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். ‘உனக்குன்னுதானே வெச்சேன் முருகா’ என்பதையே ஊர் வருகிற வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வலது கையைப் பிடித்து, சந்தனக் கறை ஏறிய அந்தக் கட்டை விரலைப் பார்த்தார். விட்டுவிடு என்கிற மாதிரி கையை வீசினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜூமுக்கு ஆசைப்பட்டு வாங்கின அந்தக் கேமராவை அதன் பிறகு அவர் ஒரு நாளும் தொடவில்லை.

பேர் வைக்கிற அன்று வீடு நிறையச் சனம். குழந்தையை அவர் மடியில் போட்டார்கள். அவர் குனிந்து காதோரம் வாயைக் கொண்டுபோய் மூன்று தரம் அசைத்தார். சத்தமும் இல்லை, காற்றும் இல்லை. மூச்சு கழுத்துத் துணிக்குள் புஸ்ஸென்று போனது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“யாராச்சும் வாயத் தொறந்து சொல்லுங்க, புள்ளைக்குக் கேக்கோணுமல்ல” என்றாள் முத்தாயம்மாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சத்யபிரியாவின் நாத்தனார் தெய்வநாயகி முன்னால் வந்து, கணீரென்று “கோகிலவாணி, கோகிலவாணி, கோகிலவாணி” என்றாள். சனமெல்லாம் சிரித்துக் கை தட்டியது.

“அம்மா, சந்தனம் வைங்க” என்றாள் சத்யபிரியா.

சௌந்திரம் கிண்ணத்தில் விரலைத் தொட்டு எடுத்தாள். குழந்தையின் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். சின்ன மூக்கு, அதில் இரண்டு துவாரம். பூப்போல ஒரு காது. விரல் அங்கேயே நின்றுவிட்டது. சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைத் தெய்வநாயகியிடம் நீட்டினாள்.

“நீயே வெச்சிரு அம்மிணி.”

பாலசுந்தரம் அவளைப் பார்த்து வாயசைத்து ஏதோ சொன்னார். அது என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை.