பின் பிரேக்கோடு செஞ்சிக்குப் போன ஞாயிறு

அண்ணன் துபாய்க்குப் போன பிறகு அவனுடைய பைக் எங்கள் வாசலில் துருப்பிடிக்கத் தொடங்கியது. 2005 புரட்டாசியில் அதை விற்றுவிட அப்பா முடிவு செய்தார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. கேட்டேன்.

"காலேஜ் கிரவுண்ட்ல ரெண்டு ரவுண்டு அடிச்சா வண்டி ஓட்டத் தெரிஞ்சதா ஆயிடுமா?" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே இறங்கிவந்தார். "செஞ்சி வரைக்கும் போய்ட்டு வா. நீயே ஓட்டிக்கினு வந்தா வண்டி உனுது. லாரில ஏத்திக்கினு வந்தே, அன்னிக்கே வித்துடுவேன்."

"நானும் வர்றேன் பாப்பா" என்றாள் அண்ணி. அவளுக்குத் தாய்வீடு செஞ்சிப் பக்கம். காட்டுக்குள் வளைந்து போகும் சின்னச் சாலை அவளுக்குத் தெரியும். கோட்டையை மட்டும் கீழேயிருந்து பார்த்ததோடு சரி.

சனிக்கிழமை பட்டியல் போட்டேன். இருபத்திரண்டு வேலைகள். டயர் காற்று, செயின், கிளட்ச் கேபிள், ஸ்பேனர்கள், பிளக் தேய்க்க உப்புத்தாள். கடைசியாக எண்ணெய். உப்பளக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால், எங்கள் ஊரில் பழைய இன்ஜின் ஆயிலில் துணியை நனைத்து வண்டி முழுக்கத் துடைப்பார்கள். நானும் துடைத்தேன். துணி நுழையாத இடங்களுக்கு எண்ணெய்க் குப்பி. பின் சக்கரத்தில் பிரேக் கம்பி போய்ச் சேரும் மூட்டில் இரண்டு முறை ஊற்றினேன்.

திண்டிவனம் வரை நேர்ச்சாலை. பிரேக்குக்குப் பெரிய வேலையில்லை. அதைத் தாண்டிக் காட்டுப்பாதையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் பாறைக்குன்றுகள். ஒரு வளைவில் கோட்டை மலை தெரியும், அடுத்த வளைவில் மறையும். அண்ணி என் தோளைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இறக்கத்தில் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. முன் பிரேக்கை மெல்லப் பிடித்து, கியரைக் குறைத்து, சரளைக்கல் ஓரத்தில் நிறுத்தினேன்.

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து நின்றது. "ஏத்திக்கலாம்மா, திண்டிவனத்துல இறக்கி வுடுறேன்" என்றார் டிரைவர்.

அண்ணி என் காதருகே வந்தாள். "மாமாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

"எத்தினி நாளைக்கி?"

அவள் யோசித்தாள். "ரெண்டு நாளு."

நான் டூல் பையைப் பிரித்தேன். டிரைவர் போகவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் கட்டைகள் இரண்டும் எண்ணெயில் மினுமினுத்தன.

"பிரேக்குக்கு யாருனா எண்ணெ வுடுவாங்களா? எந்த ஊரும்மா நீங்க?"

"மரக்காணம்" என்றாள் அண்ணி.

"அதான! கதவுக்கும் எண்ணெ, கட்டிலுக்கும் எண்ணெ. ராத்திரி வழுக்கி வுழுந்துட மாட்டீங்க?"

மூவரும் சிரித்தோம். டேங்கிலிருந்து பெட்ரோல் பிடித்துக் கட்டைகளைக் கழுவினேன். காய்ந்ததும் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்தேன். சக்கரத்தை மாட்டி, தனியாக மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் மிதித்த இடத்தில் நின்றது. "சரி, லாரி வேணாம்" என்று எனக்குப் பதிலாக டிரைவரே சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கடந்தேன், பதினேழு. கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறினோம். இடிந்த மதில் பக்கத்தில் நின்று, தன் ஊர் ஏரியைக் கண்டுபிடித்துவிட்டு அண்ணி கத்திய கத்தலில் குரங்குகள் ஓடின.

திரும்பியபோது இன்னும் வெயில் இருந்தது. வாசலில் அப்பாவும், வண்டி வாங்க அனுமந்தையிலிருந்து வந்திருந்த ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நேராக அவர்கள் முன்னால் போய் நிறுத்தினேன்.

"வழியில பிரேக் போச்சுப்பா. நாந்தான் எண்ணெய வுட்டுட்டேன். நானே கழட்டிச் சரி பண்ணேன்."

அப்பா அண்ணியைப் பார்த்தார். "லாரி?"

"வந்துச்சு மாமா. உங்க பொண்ணு அனுப்பிட்டா."

அப்பா எழுந்து வந்து பின் பிரேக்கைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு அனுமந்தைக்காரர் பக்கம் திரும்பினார்.

"வேற வண்டி பார்த்துக்கப்பா. இது நாளைக்குக் காலையில வேலைக்குப் போவுது."