நூற்றுத் தொண்ணூற்றாறு

ஓர் எண்ணைத் திருப்பி எழுதி அதனோடு கூட்ட வேண்டும். வந்த விடையையும் திருப்பிப் போட்டுக் கூட்ட வேண்டும். இப்படியே போனால் முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் எண்ணில் போய் முடியும். 348ஐ எடுத்துக்கொண்டால் 1191, பிறகு 3102, பிறகு 5115. மூன்றே கூட்டல். நாலாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்லித்தந்த விளையாட்டு இது. அதை நான் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோனேன்.

அப்போது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்பா தளவாய்புரத்தில் தனியாக இருந்தார். வாய்தா தேதிகளில் அம்மா பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு இராஜபாளையத்தில் பஸ் ஏறுவாள். என் டிக்கெட்டின் கடைசி மூன்று இலக்கங்களை எடுத்துக்கொள்வேன். கோர்ட்டில் பெயர் கூப்பிடுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது நானாக வைத்துக்கொண்ட சட்டம். ஒவ்வொரு முறையும் முடிந்தது. அப்பா வரவில்லைதான். ஆனால் வழக்கும் முடியாமல் அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போனது. பாதி பலித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். வாய்தா வாங்குவதில் வக்கீல்களுக்கு உள்ள திறமையெல்லாம் என் கணக்கில் சேர்ந்தது.

ஒருநாள் 196 வந்தது. 887, 1675, 7436 என்று வளர்ந்துகொண்டே போனது. பஸ்ஸை விட்டு இறங்கி, கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்தும் முடியவில்லை. எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டோம் என்று பயந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்த அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். எதற்கான கணக்கு என்று சொல்லவில்லை. அவர் வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"தப்பு ஒண்ணும் இல்ல பாப்பா. இன்னும் போடு, வரும்" என்றார்.

அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்ப்யூட்டர்களை வருடக்கணக்கில் ஓடவிட்டும் அந்த எண் முடிந்தபாடில்லை என்பதை நானே கல்லூரியில்தான் படித்தேன்.

பெயரைக் கூப்பிட்டபோது 1067869இல் இருந்தேன். உள்ளே போன இருவரும் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். அம்மா அப்பாவிடம், "காலையில சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். அப்பா வீட்டில் இருந்த கடைசி வருடத்தில் அவள் அவரிடம் கேட்டு நான் கேட்டிராத கேள்வி. அவர் எங்களை எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஒரே வடையைப் பிட்டு இருவரும் தின்றார்கள். இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கிவிட்டார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்கு முடியாமலே பலித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன்.

பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி, மூன்று பேர் சீட்டைப் பிடித்து, ஓரத்தில் பையை வைத்தேன். கண்டக்டர் பையை எடுக்கச் சொன்னார்.

"எங்க அப்பா வாராங்க" என்றேன்.

அப்பா கீழே, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இராஜபாளையத்துக்கு ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கேட்டாள்.